மகளின் சைக்கிளுக்கு ஒரு முக்கோணப் பை

சைக்கிளுக்குப் பை என்றதும் நமக்கெல்லாம் நினைவுக்கு வருவது கேரியரில் செருகும் கட்டைப்பையும், ஹேண்டில்பாரில் மாட்டும் ஒயர்கூடையும்தான். மீன்காரர் என்றால் பின்னால் பெரிய பெட்டி. சைக்கிளின் நடுவில் மேல்கம்பி, கீழ்க்கம்பி, சீட்டுக்கம்பி மூன்றும் சேர்ந்து ஒரு முக்கோணம் இருக்கிறதே, அந்தச் சந்துக்குள் உட்கார்கிற மாதிரி அளவெடுத்துத் தைக்கும் பை ஒன்று உண்டு. என் மூத்தவள் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

அவளுக்கு வயது 19. காலேஜில் இரண்டாம் வருஷம். 11 வயசிலிருந்து அவளுக்குச் சர்க்கரை நோய். டைப் 1 என்பார்கள். இனிப்புத் தின்று வருவதல்ல சகோதரிகளே (எத்தனை பேர் என்னிடம் அப்படிக் கேட்டிருக்கிறார்கள்!), உடம்பில் இன்சுலின் சுரப்பது நின்றுபோவதால் வருவது. தினமும் ஊசி போட்டே ஆகவேண்டும். அப்படிப்பட்டவள் ஒருநாள் ராத்திரி சாப்பிடும்போது, "தை மாசம் நாங்க நாலு பேரு சைக்கிள்ல அரிச்சல்முனை வரைக்கும் போறோம்மா. மூணு நாள்" என்றாள்.

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் சுமார் 55 கிலோமீட்டர். அங்கிருந்து அரிச்சல்முனை இன்னும் 20. முன்பெல்லாம் தனுஷ்கோடிக்கு மணலில் வேன்தான் போகும். 2017-ல் ரோடு போட்டுத் திறந்ததிலிருந்து சைக்கிளிலும் போக முடிகிறது. இதையெல்லாம் அவள் சொல்லி முடிக்குமுன்பே என் மாமியார் தட்டைத் தள்ளிவைத்துவிட்டார். "ஏத்தா, ஊசி போடுற பிள்ளை வெயில்ல மயங்கி விழுந்தா யாரு தூக்குவா?" என்றார். என் கணவர் ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாவிட்டால் வேண்டாம் என்று அர்த்தம்.

நான் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். "போகட்டும், ஆனா சொன்னபடி போகணும்" என்றார்கள். இன்சுலின் அளவை எவ்வளவு குறைப்பது, வழியில் எத்தனை தடவை சோதிப்பது என்று எழுதிக் கொடுத்தார்கள். (அது அவளுக்கான கணக்கு. உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்தால் உங்கள் டாக்டரைத்தான் கேட்க வேண்டும்.) கடைசியில் ஒன்று சொன்னார்கள். சைக்கிள் மிதித்தால் சர்க்கரை இறங்கும்; அதனால் குளுக்கோஸ் எப்போதும் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கணும், இன்சுலின் சூடாகிவிடக் கூடாது. இந்த இரண்டு வார்த்தையில்தான் பை விவகாரம் ஆரம்பமானது.

கேரியர் பை என்றால் இறங்கி, பின்னால் திரும்பி, முடிச்சை அவிழ்த்து எடுக்கணும். முதுகில் மாட்டும் பையோ வியர்வையில் ஊறி, தோளை இழுக்கும். முன்னால் ஹேண்டில்பாரில் கட்டினால் பாம்பன் பாலத்துக் காற்றை நினைத்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், இரண்டு பக்கமும் கடல். முன்பக்கம் பாரம் இருந்தால் காற்று ஹேண்டிலையே திருப்பும். நடு முக்கோணத்தில் வைத்தால் பாரம் தாழ்வாக, இரண்டு காலுக்கும் நடுவில் இருக்கும்; ஒரு கையை இறக்கினால் எட்டிவிடும். 1905-லேயே ஸ்விட்சர்லாந்து ராணுவச் சைக்கிளில் இப்படி நடுவில் பெட்டி வைத்திருந்தார்களாம். மகள் படம் காட்டினாள்.

அவள் பிளஸ் ஒன்னில் வாங்கின இலவசச் சைக்கிள் லேடீஸ் மாடல். மேல்கம்பி கிடையாது, ஆகவே முக்கோணமும் கிடையாது. அதனால் அத்தை மகனுடைய கியர் சைக்கிளைக் கேட்டு வாங்கினோம். ஆம்பளைச் சைக்கிளா என்று மாமியார் முகம் சுளித்தபோது எனக்கு அறந்தாங்கிச் சித்தி ஞாபகம் வந்தது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். அப்போது ஆண்கள் சைக்கிளையே விரும்பி வாங்கிய பெண்களும் உண்டு. மேல்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாமே!

முதலில் தபாலில் ஒரு ரெடிமேட் பை வரவழைத்தோம். கம்பெனிப் பெயர் வேண்டாம். 1,400 ரூபாய். முக்கோணம் முழுவதையும் அடைத்துக்கொண்டு தண்ணீர் பாட்டிலுக்கு இடமில்லாமல் செய்தது. நம் ரோட்டில் தண்ணீரில்லாமல் எப்படி? போதாததற்கு அதன் நாடா பிரேக் ஒயர் மேல் அழுந்தியது. திருப்பி அனுப்பிவிட்டு, ஆட்டோவுக்கு ஹூட்டும் சீட்டும் தைக்கிற பாயிடம் போனோம்.

"சைக்கிளுக்கா? உடுப்பு தைக்கிற மாதிரி அளவு கொண்டாங்கம்மா" என்று சிரித்தார். பழைய காலண்டர் அட்டையை முக்கோணத்தில் வைத்துப் பென்சிலால் கோடு போட்டோம். அடியில் பாட்டிலுக்கு இடம் விட்டு மேல் பாதிக்கு மட்டும் பை என்று முடிவு செய்தேன். கோட்டிலிருந்து சுற்றிலும் அரை விரல் உள்ளே தள்ளி வெட்டியது பாயின் யோசனை. சாமான் நிறைந்தால் பை உப்பும் அல்லவா?

அடுத்த தகராறு அகலம். இன்சுலின் பேனாவை வைக்க எவர்சில்வரில் ஒரு சின்ன பிளாஸ்க் எடுத்திருந்தேன். ஐஸ் போடுவதில்லை, ஐஸ் பட்டு உறைந்தால் இன்சுலின் வீணாகிவிடும். குளிர்ந்த தண்ணீரால் பிளாஸ்க்கை அலசித் துடைத்து, பேனாவைக் கவரில் சுற்றி உள்ளே வைத்தால் போதும். மண்பானையில் வைக்கலாமே என்பீர்கள். வீட்டில் நல்லதுதான். ஆனால் நம் கடற்கரையின் ஈரக்காற்றில் பானை மதுரையில் குளிர்வதுபோல் குளிராது. சைக்கிளில் உடையவும் செய்யும். பிளாஸ்க்கின் குறுக்களவு 7 சென்டிமீட்டர். மகளை சீட்டில் உட்காரவைத்து மிதிக்கச் சொன்னால், 6-க்கு மேல் போனால் முழங்கால் உரசுகிறது. பாய் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "முழங்கால் உரசுறது சீட்டுப் பக்கந்தான். முன்னாடி படலை" என்றார். ஹேண்டில் பக்கம் 8, சீட்டுப் பக்கம் 5 என்று சரிவாகத் தைத்தார். பிளாஸ்க் முன்மூலையில் போய் உட்கார்ந்தது. அந்த மனிதருக்குக் கைக்கு வளையல் போடலாம்!

துணிக்கும் அலைந்தோம். கான்வாஸ் நனைந்தால் லேசில் காயாது, நாற்றமெடுக்கும். ரெக்சின் வெயிலில் வெடித்துவிடும். ஸ்கூல் பைக்குப் போடும், உள்ளே பூச்சுள்ள நைலான் எடுத்தோம். கறுப்பு வேண்டாம், சூட்டை இழுக்கும் என்று வெளிர்சாம்பல். நடுவில் மெல்லிய ஃபோம். உள்லைனிங் மஞ்சள், இருட்டுப் பைக்குள் ஊசி தேட முடியுமா? இரும்பு ஜிப் உப்புக்காற்றில் பத்தே நாளில் இறுகிவிடும், ஆகவே பெரிய பல் பிளாஸ்டிக் ஜிப், மணல் ஏறாமலிருக்க அதன்மேல் ஒரு மடிப்பு. ஜிப் இடதுபக்கம், சைக்கிளை ஓரங்கட்டி இறங்குவது அந்தப் பக்கம், செயின் எண்ணெய் வலதுபக்கம். கம்பியில் கட்ட கிளிப் வைத்த நாடா நான்கு.

இதில் என் பிடிவாதம் ஒன்றே ஒன்று. குளுக்கோஸுக்குத் தனியாக, மேலே முன்பக்கத்தில் ஒரு வெளிப்பாக்கெட், ஜிப்பே இல்லாமல். சர்க்கரை இறங்கும்போது கை நடுங்கும், கண் மங்கும். எட்டு வருஷமாகப் பார்க்கிறேன். அந்த நேரத்தில் ஜிப்பின் நுனி கையில் பிடிபடாது. பர்ரென்று பிரியும் வெல்க்ரோ மூடி போட்டு, அதில் முழுக்கை பிடிக்கிற அளவு சிவப்பு நாடா வைத்துத் தைக்கச் சொன்னேன். கூடப் போகிற மூன்று பெண்களையும் வீட்டுக்குக் கூப்பிட்டு, இட்லி போட்டு, அந்தப் பாக்கெட்டைத் திறந்து மூடிப் பழக்கினேன். சாமான் 320, கூலி 400.

பை தயாரான அன்று என் கணவர் அதைக் கையில் வாங்கி, சிவப்பு நாடாவை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். "டயருக்குக் காத்து அடிச்சாச்சா?" என்று மட்டும் கேட்டார்.

முதல்நாள் காலையிலேயே உச்சிப்புளி தாண்டுமுன் அவளுக்குக் கை நடுங்கியதாம். நிறுத்தி, நாடாவை இழுத்து, குளுக்கோஸைப் போட்டுக்கொண்டு பனைமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறாள். 15 நிமிஷம் கழித்துச் சோதித்ததில் 64 இருந்தது 102 ஆகிவிட்டது. இரண்டு பிஸ்கட் சாப்பிட்டு, மறுபடி மிதித்தாள். இதை எனக்குச் சொன்னது மூன்றாம் நாள் வீடு திரும்பித் தலைக்கு எண்ணெய் வைக்கும்போது! அப்பத்தாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

பையை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவைத்து, ஜிப்பில் மெழுகுவத்தித் துண்டைத் தேய்த்து வைத்திருக்கிறேன். வெல்க்ரோவில் ஒட்டிய தனுஷ்கோடி மணலைப் பழைய பல்பிரஷ்ஷால்தான் எடுக்க முடிந்தது. இப்போது எதிர்வீட்டுப் பெண் தன் லேடீஸ் சைக்கிளுக்கும் ஒன்று வேண்டும் என்கிறாள். முக்கோணமே இல்லாத சைக்கிளில் எதைப் பிடித்துத் தொங்கவிடுவது? சாய்கம்பியின் மேல் உட்காரவைக்கலாம் என்கிறார் பாய். ஏறி இறங்கும்போது பாவாடை மாட்டுமே என்கிறேன் நான்.