பத்து நிமிஷத் தவணை

கதை எழுதுகிறவனுக்கு மலைவாசம் நல்லது என்று யாரோ ஒரு மகானுபாவன் சொல்லிவைத்துவிட்டான். அதை நம்பி நானும் வருஷத்தில் ஒரு மாதம் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்வது வழக்கம். மானேஜர் என் பால்ய சிநேகிதர். பங்களாவின் பின் அறையும், வேளைக்கு ஒரு கோப்பைத் தேநீரும் எனக்குக் கிடைத்துவிடும். கதைதான் அங்கேயும் வருவதில்லை.

தோட்டம் ஒரு பள்ளத்துக்குள் இருக்கிறது. செல்போன் சிக்னல் எட்டாது. சில்வர் ஓக் மரங்கள் நிற்கும் மேல் வளைவுக்கு ஏறினால் கொஞ்சம் கிடைக்கும். ஆகையால் ஃபாக்டரி மாடியில் இருக்கும் ரௌட்டர் என்கிற சின்னப் பெட்டிக்கு அங்கே ஏகப்பட்ட மதிப்பு. எதிர் மலையிலிருந்து வரும் இணைப்பை வாங்கி ஆபீசுக்கும் டிஸ்பென்சரிக்கும் பங்கிட்டுக் கொடுப்பது அதன் உத்தியோகம். குன்னூர் ஏலத்துக்குப் போகிற தேயிலைக் கணக்கும், லயன் வீட்டுப் பெண்கள் நர்ஸம்மாவின் போனில் வெளியூர்ப் பிள்ளைகளோடு பேசுகிற பேச்சும் அதன் வழியாகத்தான்.

மூன்று வருஷத்துக்கு முன் ஓர் ஐப்பசி இரவில், நகரத்துக் கான்டிராக்டர் ஒருவர் தம் நாற்காலியை விட்டு எழுந்திராமலே அதன் மென்பொருளைப் புதுப்பித்தார். பழையதை அழித்தார், புதியதை ஏற்றினார், பெட்டியை ஒரு தரம் அணைத்து எழுப்பும்படி உத்தரவு போட்டார். அணைந்தது. எழுந்திருக்கவில்லை. மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. மண் சரிந்து பாதை மூடி, ஆள் வந்து சேர நாலு நாள் ஆயிற்று.

அந்த நாலு நாளில், கொழுந்து பறிக்கும் ஓர் அம்மாளின் மகளுக்குக் கோயமுத்தூரில் குறைப் பிரசவம். குழந்தை கண்ணாடிப் பெட்டியில். மருமகன் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோனான். வராத செய்திக்காக மழையில் மேல் வளைவில் போய் யார் காத்து நிற்பார்கள்? தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் அந்த அம்மாள் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "நாலு நாளும் நான் பாட்டுக்குக் கொழுந்து பறிச்சுக்கிட்டே இருந்தேனுங்க, ஐயா."

இந்தத் தடவை புதுப்பிக்கும் வேலை கோயமுத்தூரில் இருக்கும் என் அண்ணன் மகனிடம் வந்தது. "எதற்கடா இந்த வம்பு, ஓடுகிறதை ஓடவிடேன்" என்றேன்.

"பழைய மென்பொருளில் இருக்கும் ஓட்டை திருடனுக்குத் தெரிந்துவிட்டது, சித்தப்பா. பூட்டை மாற்றித்தான் ஆகவேண்டும்."

அவன் செய்த முஸ்தீபுகளைப் பார்த்தால் கல்யாண வீடு தோற்றுவிடும். அதே ரகப் பெட்டி ஒன்றைத் தன் மேஜையில் வைத்து ஒத்திகை பார்த்தான். இங்கிருக்கும் பெட்டியின் அமைப்பை முழுக்கப் பிரதி எடுத்துக்கொண்டான். பாட்டரி ஒரு மணி நேரமாவது தாங்குமா என்று பார்க்கச் சொன்னான். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் பெட்டி பாழ். புதிய மென்பொருளை மெதுவாக அனுப்பிவிட்டு, எண்ணும் எழுத்துமாக ஒரு நீளமான அடையாளத்தை இரு பக்கமும் ஒப்பிட்டான். கோப்பில் ஓர் அணுப் பிசகினாலும் அந்த அடையாளம் அடியோடு மாறிவிடுமாம்.

பழையதை அழிக்கவில்லை. பெட்டிக்குள் இரண்டு அறை. ஒன்றில் பழையது, மற்றதில் புதியது. புதியது எழாவிட்டால் பெட்டி தானாகப் பழைய அறைக்குத் திரும்பிவிடும்.

நான் மேல் வளைவில் செல்போனோடு நிற்கவேண்டும். ஃபாக்டரி மாடியில் வாட்ச்மேன் டார்ச்சோடு. பச்சை விளக்கு வந்தால் இடமும் வலமும் ஆட்டவேண்டும். கல்லாறிலிருந்து குன்னூருக்கு ஏறுகிற பல்சக்கர ரயிலைப் பார்த்திருப்பீர்கள். எஞ்சின் கீழே இருந்து தள்ளுகிறது. முன்னால் இருப்பது டிரைவருக்குத் தெரியாது. பெட்டிக்குப் பெட்டி பிரேக்காரர் நின்று கொடி காட்டுகிறார். எங்கள் ஏற்பாடும் அந்த வம்சம்தான்.

இரவு பத்தரை மணி. பனி மூக்கை அறுத்தது. பெட்டி அணைந்தது. ஆறு நிமிஷம் கழித்து டார்ச் ஆடிற்று. எனக்கு உயிர் வந்தது.

"இனிமேல்தான் ஆபத்து" என்றான் பையன். புதிய மென்பொருளுக்கு ஏற்ப அமைப்பில் சில வரிகளைத் திருத்தவேண்டுமாம். தொடுவதற்கு முன் பெட்டிக்கு ஒரு தவணை வைத்தான்: பத்து நிமிஷத்துக்குள் நான் ரத்துச் செய்யாவிட்டால், நீயாக அணைந்து, சேமித்து வைத்த பழைய அமைப்போடு எழுந்திரு.

இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். "சித்தப்பா, என்னையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டேன்" என்றான். ஒரு வரி தப்பு. இனி அங்கிருந்து அவனால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை.

அந்த எட்டு நிமிஷமும் என் பீதியைத் தணிக்கவோ, தன்னுடையதைத் தணிக்கவோ, ஆகாயக் கதை சொன்னான். செவ்வாயில் 1976-ல் இறங்கிய வைக்கிங்-1 கலத்துக்கு, பாட்டரி மின்னேற்றத்தைச் சீர்ப்படுத்த 1982 நவம்பரில் ஒரு திருத்தம் அனுப்பினார்கள். அது ஆன்டெனா பூமியைப் பார்க்கும் கணக்கின் மேலேயே எழுதிவிட்டது. அத்துடன் பேச்சு நின்றது. 2023 ஜூலையில் வாயேஜர்-2 விஷயத்திலும் ஒரு தவறான கட்டளை. ஆன்டெனா இரண்டு டிகிரி விலகிப்போயிற்று. ஏறக்குறைய 2,000 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் யார் போய்த் திருப்புவது? ஆனால் அதற்கு ஒரு தவணை உண்டு. அக்டோபர் 15-ந் தேதி தானே பூமிப் பக்கம் திரும்பிக்கொள்ளும்படி முன்பே ஏற்பாடு. அதற்குள், ஆகஸ்டிலேயே, கான்பராவிலிருந்து பலமாக ஒரு கூச்சல் போட்டுத் திருப்பிவிட்டார்களாம்.

"செவ்வாய்க்காரர்கள் தவணை வைக்கவில்லையா?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே டார்ச் ஆடிற்று. பெட்டி தானே அணைந்து, தானே எழுந்து, ஒன்றும் அறியாததுபோல் பச்சை காட்டிக்கொண்டிருந்தது. பையன் தப்பைக் கண்டுபிடித்துத் திருத்தி, மறுபடி தவணை வைத்து, மூன்று தரம் உள்ளே போய் வந்து பார்த்த பிறகே ரத்துச் செய்தான்.

மறுநாள் காலை அந்த அம்மாள் கூடையோடு வாசலில் நின்றாள்.

"பெட்டிய ராத்திரி நோண்டினீங்களாமே. நல்லா இருக்குதுங்களா, ஐயா?"

"இருக்கிறது" என்றேன்.

"அப்போ சாயங்காலம் பேரன்கூடப் பேச வரேன்னு நர்ஸம்மாகிட்டச் சொல்லிடுங்க" என்று மேட்டில் ஏறிப் போனாள்.