பெட்டிக்குள் போன படகு

குறிகட்டுவான் இறங்குதுறையில் என் மாமாவுக்கு ஒரு சிறிய தேநீர்க்கடை இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் 776 பஸ்ஸில் ஏறி, பண்ணைப் பாலம் கடந்து, வேலணை கடந்து, இரு பக்கமும் கடல் நிற்கும் வாணர் பாலத்தால் புங்குடுதீவுக்குள் நுழைந்தால், பாதை முடிகிற இடம் அது. அதற்கப்பால் படகுதான். நயினாதீவுக்குப் போகிறவர்களுக்குக் கவலை இல்லை. கால் மணித்தியாலப் பயணம். படகும் அடிக்கடி உண்டு. நெடுந்தீவுக்காரர் பாடுதான் பாடு. ஒரு மணித்தியாலக் கடல், நாளுக்குச் சில படகுகள். கடைசிப் படகைத் தவறவிட்டால் நாளைக்குத்தான் வீடு.

ஆகவே மாமாவின் கடையில் தேநீரை விட அதிகம் கேட்கப்படுவது நேரம். அவர் வடை பொரித்துக்கொண்டிருப்பார். "நானா, நெடுந்தீவுப் படகு வெளிக்கிட்டுட்டுதோ?" என்று ஒருவர் கேட்பார். பதில் சொல்லி முடிய முன் இன்னொருவர் அதையே கேட்பார்.

சென்ற ஆண்டு விடுமுறையில் எங்கள் வீட்டுக்கு வந்த மாமா, "மகள், நீ கொம்பியூட்டர் படிக்கிறாய்தானே. படகு நேரத்தை வடிவா அடிச்சு ஒரு அறிவித்தல் செஞ்சு தா" என்றார். 'வடிவா' என்ற சொல்லில்தான் எல்லாம் பிழைத்தது. எங்கள் பக்கத்தில் அதற்கு அழகாக என்றும் பொருள், தெளிவாக என்றும் பொருள். மாமா சொன்னது இரண்டாவது. நான் கேட்டது முதலாவது.

பொதுத் தகவல் தொழினுட்பப் பரீட்சைக்காக நாங்கள் எல்லோரும் வேர்ட் படித்துக்கொண்டிருந்த காலம் அது. வேர்ட்ஆர்ட், டெக்ஸ்ட் பொக்ஸ் எல்லாம் அப்போதுதான் கைக்கு வந்திருந்தன. எங்கள் வீட்டுக் கணினியில் இருப்பது 2007ஆம் ஆண்டு வேர்ட். அதில் வேர்ட்ஆர்ட்டைத் திறந்தால் 30 மாதிரிகள் வரிசையாக வந்து நிற்கும். நிழல் விழுகிறது, வானவில் நிறமுள்ளது, வில்லாக வளைவது, கட்டடம் போலப் பின்னால் நீளுவது. சீலைக்கடையில் விட்ட மாதிரி இருந்தது எனக்கு. 'படகு நேரங்கள்' என்பதை வானவில் நிறத்தில் வளைத்தேன். கீழே நிழலும் கொடுத்தேன்.

இடது ஓரத்தில் ஊரின் பெயரை மேலிருந்து கீழாக நிறுத்த ஆசைப்பட்டேன். அதைப் பாமினி எழுத்துருவில் அடித்தேன். குறிகட்டுவான் என்பதில் ஏழு எழுத்துகள். திரையில் பதினொரு வரிகள் வந்தன! ட ஒரு வரியில், அதன் குற்று அடுத்த வரியில். வகரம் மேலே, அதன் அரவு கீழே தனியாக. பாமினியில் நாம் அடிப்பது கணினியைப் பொறுத்தவரை தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழின் துண்டுகளை வைத்திருக்கிறார்கள். குற்றின் இடம் அரைப்புள்ளி. பக்கமாக அடிக்கும்போது துண்டுகள் ஒட்டி எழுத்தாகின்றன. நிமிர்த்தி அடுக்கினால் குட்டு வெளிப்பட்டுவிடுகிறது. ராத்தா பார்த்துவிட்டு, "ஊரை ஏன் வெட்டிப் போட்டிருக்கிறாய்?" என்று சிரித்தாள். ஊர்ப்பெயரை எடுத்துவிட்டு, மிச்சத்தை இணையத்தில் இறக்கிய ஓர் அழகான யூனிகோட் எழுத்துருவில் அடித்தேன். நயினாதீவுக்கு ஒரு பெட்டி, நெடுந்தீவுக்கு ஒரு பெட்டி, ஓரமெல்லாம் பூ.

பென் டிரைவில் கொண்டுபோய் நகரத்தில் ஒரு கடையில் பிரின்ட் எடுத்தேன். அந்தக் கணினியில் என் எழுத்துரு இல்லை. வேர்ட் எதுவும் சொல்லாமல் வேறொரு அகன்ற எழுத்துருவைப் போட்டுக்கொண்டது. எழுத்து அகன்றால் வரி மடியும். வரி மடிந்தால் எல்லாம் கீழே இறங்கும். சாதாரணப் பக்கமென்றால் அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கும், எனக்கும் தெரிந்திருக்கும். டெக்ஸ்ட் பொக்ஸ் அப்படி இல்லை. நாம் வரைந்த உயரத்திலேயே அது நிற்கும். எழுத்துக்கு ஏற்பப் பெட்டியும் வளரட்டும் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதை நாம்தான் தெரிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் கொள்ளாத வரி அழிவதும் இல்லை, தெரிவதும் இல்லை. நெடுந்தீவுப் பெட்டியின் கடைசி வரி அப்படித்தான் போனது. நான் வானவில் சரியாக வந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். லெமினேட்டும் செய்தேன்.

மாமா அதைக் கடை முகப்பில் தொங்கவிட்டார். கேட்பவர்கள் குறைந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு போயா தினம். நாகதீப விகாரைக்குப் போகத் தெற்கிலிருந்து வந்த பஸ்கள் வரிசையாக நிற்க, துறை முழுவதும் வெள்ளை உடுப்பு. யாழ்ப்பாணத்தில் கிளினிக்குக்குப் போய்வந்த நெடுந்தீவு ஆச்சி ஒருவர் பேரனோடு வந்திருக்கிறார். முன்பென்றால் மாமாவைக் கேட்டிருப்பார். இப்போதுதான் அறிவித்தல் இருக்கிறதே! பேரன் வாசித்தான். கடைசியாகத் தெரிந்த நேரம் கடந்துபோயிருந்தது. புறப்படத் தயாராக நின்ற பஸ்ஸில் ஏறி இருவரும் யாழ்ப்பாணம் திரும்பிவிட்டார்கள். அதன் பிறகுதான் கடைசிப் படகு போயிருக்கிறது.

மறுநாள் மாமாவோடு நானும் கடையில் இருந்தேன். ஆச்சி வந்து விசாரித்தபோதுதான் விடயம் வெளியில் வந்தது. "நான்தான் ஆச்சி அடிச்சது" என்றேன். அவர் ஏசவில்லை. ஏசியிருக்கலாம். "பரவாயில்லை பிள்ளை. ஒரு இரவுதானே. மாடுதான் கறக்காமல் கத்திக்கொண்டு நிண்டிருக்கும்" என்றார். அந்த மாட்டை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் அன்றிரவு முழுக்க அதன் சத்தம் எனக்குக் கேட்டது.

சில வாரங்களில் வரலாற்றுப் பாடத்தில் நயினாதீவுக் கல்வெட்டு வந்தது. 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு, இந்தத் தீவுக்கடலில் வருவோருக்காகத் தமிழில் வெட்டுவித்தது. நாகபூசணி அம்மன் கோயிலில் இருக்கிறது, கா. இந்திரபாலா 1963இல் ஆராய்ந்து வெளியிட்டார். வெளிநாட்டார் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து இறங்க வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும். யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவருக்கு. வேறு சரக்கென்றால் பாதி பாதி. டீச்சர் விளக்கிக்கொண்டிருக்க, எனக்கு வேறொன்று தோன்றியது. இதுவும் துறைமுகத்து அறிவித்தல்தான். கப்பல் உடைந்து கரைக்கு வருகிறவன் தன் பங்கைத் தேடுவான், பூவைத் தேடமாட்டான். எண்ணூறு ஆண்டு கடந்தும் அந்தப் பங்குக் கணக்கு நமக்குத் தெரிகிறது. என் கடைசி வரி ஒரு மாதமும் தாங்கவில்லை.

புதிய அறிவித்தலில் பெட்டி இல்லை. ஒரு அட்டவணை. எழுத்துக்கேற்ப அதன் வரிசைகள் தாமாகவே உயரும். வெள்ளையில் கறுப்பு, கடைசிப் படகு முதல் வரியில், மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிதாக. கோப்பை பீடிஎஃப் ஆக மாற்றித்தான் கொண்டுபோனேன். அதில் எழுத்துருவும் கூடவே போகும். கடைக்கு எதிரே பஸ் நிற்கும் இடத்தில் நின்று வாசிக்க முடிகிறதா என்று ராத்தாவை நிறுத்திப் பார்த்தேன். சிங்களத்தில் ஒரு வரி வேண்டும் என்று மாமா சொன்னதால், அதை அவருடைய நண்பர் ஒருவரிடம் எழுதுவித்துச் சேர்த்தேன்.

பழையதை மாமா எறியவில்லை. "வடிவா இருக்கு மகள்" என்று கடைக்குள் கொண்டுபோய், காற்றுக்கு அடுப்பு அணையாமல் மறைவாக வைத்திருக்கிறார். எண்ணெய் தெறித்தும் அந்த வானவில் இன்னும் மங்கவில்லை.