வீட்டின் ஓரக்குறிப்புகள்

அரபு மொழியில் ‘பைத்’ என்னும் சொல் வீட்டையும் குறிக்கும். செய்யுளின் அடியையும் குறிக்கும். பாலைவனத்து மக்களுக்குக் கூடாரமே வீடு. ஆகவே யாப்பிலக்கணம் வகுத்தோர் செய்யுளின் உறுப்புகளுக்குக் கயிறு என்றும் முளை என்றும் பெயரிட்டனர். இதனை மாணவர்க்குப் பல்லாண்டுகள் பாடம் சொல்லிவந்த நாம், முளைகளாலேயே நிற்கும் ஒரு வீட்டை இங்கிலாந்துப் பயணத்தின்போது நேரில் கண்டோம்.

‘பேலீஃப்’ என்பது அதன் பெயர். கென்ட் மாவட்டத்துச் சிடிங்ஸ்டோன் பகுதியில் இருந்த பண்ணை வீடு. அங்கே நீர்த்தேக்கம் அமைக்க முற்பட்டபோது, 1968-69இல் வீடு பிரிக்கப்பட்டு, மேற்கு சசெக்ஸின் சிங்கிள்டன் சிற்றூரிலுள்ள திறந்தவெளி அருங்காட்சியகத்தில் மீண்டும் நிறுத்தப்பட்டது. ஒரு வீட்டை இவ்வாறு பெயர்த்து வைத்தல் எங்ஙனம் இயலும்? ஓக் மரச் சட்டங்களே அதன் எலும்புக்கூடு. ஒரு சட்டத்தின் நுனியைக் கழுந்தாகச் செதுக்கி, மற்றொன்றின் துளையில் செருகி, குறுக்கே மரமுளை அடித்து இறுக்கியிருந்தனர். முளையைக் கழற்றினால் சட்டங்கள் பிரியும். இடைவெளிகளை வரிச்சுப் பின்னி மண் பூசி அடைத்தனர். கூரையின் பாரத்தைத் தாங்கியது மரமே, மண்சுவர் அன்று.

மரத்தின் ஆண்டு வளையங்களை ஆராய்ந்தோர், நடுக்கூடமும் அதன் ஒரு பக்கத்து அறைகளும் 1405க்கும் 1430க்கும் இடையிலும், மறுபக்கத்து அறைகள் 1505-1510 அளவிலும் எழுந்தவை என்று கணித்துள்ளனர். ஒரே கூரையின் கீழ் நிற்கும் இரு பகுதிகளுக்கிடையே ஏறத்தாழ நூறாண்டு இடைவெளி!

அக்கூடத்தில் புகைபோக்கி இல்லை. தரையின் நடுவே தீ மூட்டினர். புகை கூரைவரை எழுந்து, கிடைத்த வழியே வெளியேறிற்று. சன்னல்களில் கண்ணாடியும் இல்லை. நிமிர்ந்த மரச்சட்டங்களும் அடைப்புப் பலகைகளுமே இருந்தன.

காலப்போக்கில் இத்தகைய வீடுகளில் செங்கல் புகைபோக்கிகள் எழுந்தன. புகை ஒழியவே, உயர்ந்த கூடத்தின் குறுக்கே தளமிட்டு மாடியறையும் அமைத்துக்கொண்டனர். தம் ஊர் முதியோர் கண்ட பெரும் மாற்றங்களுள் ஒன்று புகைபோக்கிகளின் பெருக்கம் என்று 1577இல் வில்லியம் ஹாரிசன் எழுதினார். புகை வீட்டு மரத்தை உரமாக்கும், உடலுக்கும் நன்மை செய்யும் என்று முன்னோர் நம்பியதையும் அவர் குறித்துள்ளார். பேலீஃபிலும் பிற்காலத்தில் புகைபோக்கியும் தளமும் வந்து சேர்ந்தன.

வீட்டை மீண்டும் நிறுத்தியவர்களோ அவற்றை விலக்கி, 16ஆம் நூற்றாண்டின் தொடக்க நிலைக்கே அதனைத் திருப்பினர். இங்குதான் நம் உள்ளம் தயங்கிற்று. அவர்தம் நோக்கம் தவறன்று. தளத்தை விட்டுவைத்திருந்தால், கூரைவரை திறந்த கூடத்தின் கம்பீரத்தை நாம் கண்டிருக்க இயலாது. எனினும், பழைய கட்டடங்களை ஏதேனும் ஒரு காலத்து வடிவுக்குத் திருப்புவதை எதிர்த்தே வில்லியம் மாரிஸ் முதலியோர் 1877இல் ஒரு சங்கம் கண்டனர் என்பதும் நினைக்கத்தக்கது.

நாம் ஓதிய பழைய கிதாபுகளின் பக்கத்தில் மத்ன் என்னும் மூலம் இருக்கும். அதனோடு ஷரஹ் என்னும் உரை இருக்கும். ஓரத்தில் ஹாஷியா என்னும் குறிப்பு நெருங்கி நிற்கும். மூலத்தை மட்டும் அச்சிட்டால் படிக்க எளிது. ஆனால் அதனை ஓதி, ஐயுற்று, விளக்கிய தலைமுறைகள் அப்பக்கத்திலிருந்து மறைந்துவிடுவர். புகைபோக்கியும் அவ்வீட்டின் ஹாஷியா அன்றோ? புகையில் கண் கசிந்து சமைத்த பெண்களுக்கு அது எத்துணைப் பெரிய ஆறுதலாய் இருந்திருக்கும்! அந்த ஆறுதலின் சுவடு இன்று அக்கூடத்தில் இல்லை.

அருங்காட்சியகம் ஒரு காலத்தைக் காட்டித் தரும் பள்ளிக்கூடம். அதற்கு இவ்வுரிமையைத் தரலாம். மக்கள் வாழும் வீட்டுக்கு அவ்விதி பொருந்தாது. பழைய வீட்டைப் புதுக்க முனைவோர், பின்வந்த சேர்க்கையை இடிக்குமுன், அது யாருடைய துன்பத்தைத் தீர்க்க வந்தது என்று கேட்டறிதல் நன்று.