கோட்டைக்குள் ஒரு ராத்திரி

"பிறந்தநாளுக்கு என்னம்மா வேணும்?" என்று மகள் கேட்டபோது, புடவை என்றுதான் பதில் வரும் என நினைத்தாள்.

"கோவளம் கோட்டையைப் பார்க்கணும்டி" என்றார் அம்மா.

செங்கல்பட்டில் முப்பது வருடம் வரலாறு நடத்தி ஓய்வு பெற்ற டீச்சர் அவர். அந்தக் கோட்டை இருந்த இடத்தில் இப்போது நிற்பது தாஜ் ஃபிஷர்மேன்ஸ் கோவ். 1974-ல் திறக்கப்பட்ட சொகுசு ஹோட்டல். பள்ளிச் சுற்றுலாவில் மாமல்லபுரம் பார்த்துவிட்டு முட்டுக்காடு பக்கம் பஸ் போகும்போது, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி "அங்கேதான்" என்பார். அவ்வளவுதான்.

வகுப்பில் அந்தப் பாடம் வந்தால் மட்டும் பிள்ளைகள் தூங்க மாட்டார்கள். ஆற்காடு நவாப் அன்வருதீன் கட்டிய கோட்டை. 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள் தந்திரமாகப் பிடித்தார்கள். 1752-ல் ராபர்ட் கிளைவ் வந்தார். கூட வந்தவர்களோ போர் பார்க்காத 500 சிப்பாய்கள், இங்கிலாந்திலிருந்து புதிதாக வந்த 200 பேர். குண்டுச் சத்தம் கேட்டதும் ஓடினார்கள். ஒருவனைக் கிணற்றின் அடியிலிருந்து தேடிப் பிடித்தார்களாம்! அவர்களை வைத்தே கோவளத்தையும், அடுத்து செங்கல்பட்டுக் கோட்டையையும் பிடித்தார் கிளைவ். கோவளம் கோட்டை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

ஹோட்டலில் இறங்கியதும், ஒரு நாள் வாடகை எவ்வளவு என்று அம்மா மூன்று முறை கேட்டார். மகள் மூன்று முறையும் பேச்சை மாற்றினாள்.

சாயங்காலம் தோட்டம் முழுக்கச் சுற்றினார்கள். "கோட்டை எங்கேப்பா?" என்று ஒரு ஊழியரிடம் கேட்டார்.

"கோட்டை மேலதான் நிக்கறீங்க மேடம்."

அம்மா சட்டென்று காலடியைப் பார்த்தார். அப்புறம் வெகுநேரம் பேசவில்லை.

ராத்திரி ஒரு மணிக்கும் பால்கனியில் உட்கார்ந்திருந்தார். எதிரே கடல் இரைந்துகொண்டிருந்தது.

"தூக்கம் வரலையாம்மா? மெத்தை சரியில்லையா?"

"மெத்தைக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு. முப்பது வருஷம் பாடம் நடத்தினேன். ஒரு பிள்ளையைக்கூட இங்க கூட்டிட்டு வந்து காட்ட முடியலையேடி."

மகளுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. போர்வையை எடுத்துவந்து அம்மாவின் தோளில் போர்த்தினாள்.

விடிந்ததும் கோவளம் குப்பத்துப் படகுகள் கரை திரும்பின. கடலும் தோட்டமும் சேர்ந்து தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து, பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார் அம்மா. 'நான் சொன்ன கோட்டை இங்கேதான் இருந்தது.'

துபாயில் வேலை பார்க்கும் மாணவன்தான் முதலில் பதில் போட்டான்: 'டீச்சர், அந்தக் கிணறு இருக்கா?'

அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. டிபன் சாப்பிட மகள் கூப்பிட்டாள்.

"இருடி வரேன். ஒரு கிணத்தைத் தேட வேண்டியிருக்கு."