ஆலோசகரின் சம்பளத்தைக் கேளுங்கள்

போதை மறுவாழ்வுக்கு நிதி கேட்டு எழுதும் தொண்டு நிறுவன நண்பர்களே, பதினாறு வயதுப் பையனை நாற்பது வயதுக் குடிநோயாளிகளுக்கு நடுவே படுக்க வைக்கும் திட்டத்தை எழுதாதீர்கள். மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் போதைத் தேவைக் குறைப்புச் செயல்திட்டத்தில், சக வயதினரே முன்னின்று வளரிளம் பருவத்தினரிடம் செய்யும் பணிக்கும் மானியம் உண்டு. அந்தப் பகுதியைப் பலர் புரட்டுவதே இல்லை என்பது என் பெரிய வருத்தம்.

அரசுப் பணம் தாமதமானால் ஆலோசகர் வேறு வேலைக்குப் போய்விடுவார். பையன் மனம்விட்டுப் பேசத் தொடங்கிய ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார். 2013 கம்பெனிகள் சட்டப்படி, பெரிய நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்கு ஒதுக்க வேண்டும். பல ஆண்டுத் திட்டமாகவும் தரலாம். அவர்களிடம் போய்க் கட்டடம் கேட்காதீர்கள். ஆலோசகரின் மூன்று வருடச் சம்பளத்தைக் கேளுங்கள், கூச்சப்படாமல்.