எடைக்கு எடை!

"குத்துச்சண்டையைப் பற்றியா எழுதப் போறே? அதுவும் பெண்கள் பத்திரிகைக்கு!" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். நீங்களும் சிரிக்கலாம், தப்பில்லை. ஆனால் சிரித்துவிட்டு மேலே படியுங்கள். ஒரு வருஷமாக என்னை வாட்டிக்கொண்டிருந்த கவலைக்கு எனக்கு விடை கிடைத்தது அந்தக் குத்துச்சண்டையில்தான்!

எனக்கு இரண்டு குழந்தைகள். மூத்தவனுக்குப் பதின்மூன்று வயது. பிறக்கும்போதே மூன்றரைக் கிலோ. இன்றைக்கும் ஆள் வாட்டசாட்டம். சின்னவளுக்கு ஒன்பது. ஈர்க்குச்சிக்குப் பாவாடை கட்டிவிட்ட மாதிரி இருப்பாள். வீட்டுக்கு யார் வந்தாலும், "என்ன, பையனுக்கு மட்டும்தான் சோறு போடறியா?" என்பதுதான் முதல் கேள்வி. விளையாட்டாகச் சொல்லிவிட்டு அவர்கள் போய்விடுவார்கள். எனக்கு மனசு ஆறாது. அந்த ஆத்திரத்தையெல்லாம் சின்னவள் தட்டில் கொட்டுவேன். அண்ணன் சாப்பிடுகிற அளவு அவளும் சாப்பிட வேண்டும். ஒரு கவளம் மிச்சம் வைத்தாலும் எழுந்திருக்கக் கூடாது. ஒரு நாள் அழ அழ ஊட்டி, அத்தனையும் வாந்தி. வாயைக் கழுவிவிடும்போது அவள் கேட்டாள்: "அம்மா, நான் எப்பம்மா அண்ணன் மாதிரி ஆவேன்?"

பதில் சொல்லத் தெரியாமல் தரையைத் துடைத்தேன்.

இது இப்படியிருக்க, ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் எங்கள் கூடத்தில் தினம் ஒரு யுத்தம் நடக்கும். என் மாமனார் முகம்மது அலியின் பரம பக்தர். 1980-ல் அலி சென்னைக்கு வந்து, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினாரே, அப்போது கூட்டத்தில் முண்டியடித்துப் போய்ப் பார்த்தவர். மூத்தவனுக்கோ பிலிப்பைன்ஸ் நாட்டு மேனி பாக்கியாவ்தான் தெய்வம்.

"அலி ஒரு தட்டுத் தட்டினா உன் ஆள் சுருண்டு விழுந்துடுவான்டா!" என்பார் தாத்தா.

"அது எடை தாத்தா, திறமை இல்லே! எடைக்கு எடை பாக்கணும்!" என்பான் பேரன்.

மறுநாளைக்கு பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த எனக்குக் கை நின்றது. "அது என்னடா எடைக்கு எடை?" என்றேன்.

அவன் சொன்னதைச் சொல்கிறேன். குத்துச்சண்டையில் எடை வாரியாகப் பிரிவுகள் உண்டு. 112 பவுண்டு, அதாவது சுமார் 51 கிலோ வரை ஃப்ளைவெயிட். 135 பவுண்டு வரை லைட்வெயிட், 147 வரை வெல்ட்டர்வெயிட், 160 வரை மிடில்வெயிட். உச்சியில் ஹெவிவெயிட். அலி 1974-ல் ஜார்ஜ் ஃபோர்மனை வென்றபோது சுமார் 98 கிலோ. பாக்கியாவ் 1998-ல் முதல் உலகப் பட்டம் வென்றது ஃப்ளைவெயிட்டில். கிட்டத்தட்ட பாதி எடை! இரண்டு பேரையும் ஒரே மேடையில் ஏற்றினால் யார் ஜெயிப்பார் என்பது கேள்வியே இல்லை. "எடை சமமாக இருந்தால் யாருடைய கலை உயர்ந்தது?" என்பதுதான் ரசிகர்களின் கேள்வி.

அன்றிலிருந்து நானும் செல்போனில் பழைய பந்தயங்களைப் பார்க்க ஆரம்பித்தேன். முதலில் இரண்டு பேர் அடித்துக்கொள்வதாகத்தான் தெரிந்தது. பார்க்கப் பார்க்க வித்தியாசம் புலப்பட்டது. கனத்த ஆள் ஒரே குத்தில் ஆட்டத்தை முடித்துவிட முடியும். அதனால் இருவரும் அளந்து, காத்திருந்து அடிக்கிறார்கள். சின்ன ஆளின் ஒரு குத்துக்கு அவ்வளவு பலம் இல்லை. அவன் நாலு, ஐந்து குத்துகளைச் சரமாகத் தொடுக்க வேண்டும். தொடுத்த கையோடு விலகவும் வேண்டும். உரலில் மாவு இடிக்கிறவளையும் பூத்தொடுக்கிறவளையும் பக்கத்தில் நிறுத்தி, யார் கெட்டிக்காரி என்று கேட்க முடியுமா?

ஆனால் ஒப்பிடவே முடியாது என்றும் இல்லை. கால் எடுத்து வைக்கிற லாகவம், தூரத்தை அளக்கிற கண், குத்து வரும் முன்பே விலகுகிற தலை, சமயம் பார்த்துக் கொடுக்கிற பதிலடி... இவை எடை மெஷினில் ஏறாதவை. அந்தப் பெரிய உடம்பை வைத்துக்கொண்டு, சின்ன ஆளின் கால்களால் அலி மேடையைச் சுற்றி வந்தாரே, அதனால்தான் அவர் அலி.

'எடைக்கு எடை இவரே முதல்வர்' என்ற பேச்சு யாரோடு ஒட்டிக்கொண்டது தெரியுமா? அமெரிக்காவின் சுகர் ரே ராபின்சனோடு. அலியே அவரைத் தன் ஆதர்ச வீரராகக் கொண்டாடியவர். (இதைப் பேரன் சொன்னதும் தாத்தா கொஞ்ச நேரம் வாயே திறக்கவில்லை!) ராபின்சன் 1946-ல் வெல்ட்டர்வெயிட் பட்டம் வென்றார். 1951-ல் மேலே ஏறி, ஜேக் லமோட்டாவை வென்று மிடில்வெயிட் பட்டம். முன்னால் 1943-ல் இதே லமோட்டாவிடம் தோற்றவர்தான். அன்று லமோட்டா அவரைவிட 16 பவுண்டு அதிகம். இருவரும் மோதியது ஆறு தடவை. ஐந்து தடவை ஜெயித்தது ராபின்சன்.

அத்தோடு நிறுத்தினாரா? 1952 ஜூனில், நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில், இன்னும் ஒரு படி மேலே இருந்த ஜோயி மாக்ஸிமுடன் மோதினார். இவர் சுமார் 71 கிலோ. அவர் சுமார் 78 கிலோ. அன்று ராத்திரி புழுக்கம் எப்படியென்றால், பத்தாவது ரவுண்டோடு ரெஃபரியே தளர்ந்துபோய், வேறொருவரை மாற்ற வேண்டி வந்தது! புள்ளிக் கணக்கில் ராபின்சன்தான் முன்னணியில் இருந்தார். ஆனால் பதின்மூன்றாவது ரவுண்டு முடிந்து முக்காலியில் உட்கார்ந்தவரால் எழுந்திருக்கவே முடியவில்லை. 200 பந்தயங்கள் ஆடிய மனிதர் முடிவதற்குள் நின்று தோற்றது அந்த ஒரு தடவைதான். அதே புழுக்கம்தான் மாக்ஸிமுக்கும். ஆனால் தன்னைவிட ஏழு கிலோ கனத்தவரோடு ரவுண்டுக்கு ரவுண்டு கட்டிப் புரண்டதற்கு இவர் உடம்பு கட்டிய வட்டி அது. கலை தோற்கவில்லை, உடம்பு தோற்றது.

இன்னொருவர் ஹென்றி ஆம்ஸ்ட்ராங். உலகத்தில் மொத்தம் எட்டே எடைப் பிரிவுகள் இருந்த காலத்தில், 1938-ல் ஒரே சமயத்தில் மூன்று பட்டங்களை வைத்திருந்தவர். அதில் பெரிய பிரிவுக்கான பந்தயத்துக்கு எடை போதவில்லையே என்று, தராசில் ஏறும் முன் தண்ணீராகக் குடித்தாராம். இதைக் கேட்டதும் எனக்கு வெட்கமாகிவிட்டது. டாக்டரிடம் போகிற அன்று, தராசில் நிறுத்துவதற்கு முன்னால், சின்னவளுக்கு இரண்டு வாழைப்பழமும் ஒரு டம்ளர் பாலும் திணித்தவள்தானே நான்!

எடையை இறக்குவதிலும் ஆபத்து இருக்கிறது. பனாமா நாட்டு ராபர்ட்டோ டுரான் 1980 ஜூனில் சுகர் ரே லெனார்டை வென்றார். வென்ற களிப்பில் சாப்பிட்டுப் பெருத்துவிட்டார். நவம்பரில் மறுபந்தயம். அதற்காக அவசர அவசரமாக உடம்பை வற்ற அடித்து, தராசை விட்டு இறங்கியதும் வயிறு முட்டச் சாப்பிட்டு மேடை ஏறினார். எட்டாவது ரவுண்டில் 'போதும்' என்று திரும்பிவிட்டார். அதே ஆள், அதே எடைப் பிரிவு, அதே எதிராளி. ஐந்தே மாதம்! கல்யாணத்துக்குள் இளைக்க வேண்டுமென்று பட்டினி கிடக்கிற நம் பெண்கள் இதை ஞாபகத்தில் வைக்கலாம்.

நம் பெண்கள் என்றதும், மேரி கோமைச் சொல்லாமல் விட முடியுமா? மணிப்பூர்க்காரர். 2007-ல் இரட்டைக் குழந்தைகளைப் பெற்றார். மறு வருஷமே உலகப் பட்டம் வென்றார். அவருடைய பழைய வெற்றிகளெல்லாம் 45-லிருந்து 48 கிலோவுக்குள். 2012-ல் லண்டன் ஒலிம்பிக்ஸில் முதல் தடவையாகப் பெண்கள் குத்துச்சண்டையைச் சேர்த்தபோது, வைத்தது மூன்றே பிரிவுகள்: 51, 60, 75. மிகக் குறைந்ததே 51! அவர் என்ன செய்வார்? மேலே ஏறித்தான் ஆடினார். தன்னைவிட வாட்டமானவர்களோடு மோதி வெண்கலம் கொண்டுவந்தார். 2018-ல், மூன்று குழந்தைகளுக்குத் தாயாக, தமக்கு இயல்பான 48 கிலோவில் ஆறாவது உலகப் பட்டம்! வெண்கலமும் அவருடையதுதான், தங்கமும் அவருடையதுதான். நடுவில் இருந்தது அந்தச் சில கிலோ.

பாக்கியாவ்? எட்டு எடைப் பிரிவுகளில் உலகப் பட்டம் வென்றவர். 2010-ல் மார்கரிட்டோவுடன் ஆடிய அன்று, எதிராளி இவரைவிட 17 பவுண்டு கூடுதல். இவர் கை வேகத்தைக் குறைக்காமல் மேலே ஏறினார், ஜெயித்தார். ஆனால் பன்னிரண்டு வருஷம், படிப்படியாக. ஒரே ராத்திரியில் யாரும் ஊட்டி ஏற்றவில்லை.

இதெல்லாம் மனசில் ஓடிக்கொண்டிருக்க, போன மாதம் சின்னவளை டாக்டரிடம் அழைத்துப் போனேன். இந்தத் தடவை பழமும் இல்லை, பாலும் இல்லை. டாக்டரம்மா அவளுடைய பழைய அட்டைகளைப் பரப்பி, வருஷா வருஷம் வைத்த புள்ளிகளைக் காட்டினார். "பாருங்க, இவ தன் கோட்டிலேயே ஒழுங்கா ஏறிக்கிட்டு வர்றா. உயரமும் வளருது, ரத்தமும் நல்லா இருக்கு. ஏறின கோடு சரிஞ்சாலோ, பிள்ளை சோர்ந்து படுத்தாலோ உடனே வாங்க. அதுவரைக்கும் அண்ணன் கோட்டை இவ மேல போடாதீங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து, அந்தப் பழைய கேள்விக்குப் பதில் சொன்னேன். "நீ அண்ணன் மாதிரி ஆகவே வேண்டாம்டி. உன் எடைக்கு நீ கெட்டிக்காரி." அவளுக்கு என்ன புரிந்ததோ, ஸ்கிப்பிங் கயிற்றை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள். அண்ணனும் கூட ஓடினான். மேலே தாத்தா சத்தமாக எண்ணுவது கேட்டது. முப்பதில் பையன் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டான். அவள் எண்ணிக்கை நூறைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

அன்று ராத்திரி இரண்டரை தோசை சாப்பிட்டுவிட்டு, பாதியை மிச்சம் வைத்து, பயந்த கண்ணோடு என்னைப் பார்த்தாள். "போதுமாடி?" என்றேன். "போதும்மா."

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.