முந்திச் செல்லும் துணை

 

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் மனைவிக்கு இரத்தத்தில் சர்க்கரை கூடுவதாக மருத்துவர் எச்சரித்தார். அன்று முதல் ஃபஜ்ர் தொழுகைக்குப் பின், தளர்வான முழுக்கை ஆடையும் ஹிஜாபுமாக மெரினாவில் நடக்கத் தொடங்கினார். துணைக்குச் சென்றவன் நான். நடை மெல்ல ஓட்டமாயிற்று. சென்ற ஆண்டு 21.1 கிலோமீட்டர் அரை மாரத்தானுக்கு இருவரும் பெயர் கொடுத்தோம்.

ஒரு கிலோமீட்டரை அவர் ஆறரை நிமிடத்தில் கடப்பார். எனக்கு எட்டரை நிமிடம் ஆகும். உழைப்பாளர் சிலையருகே ஒன்றாகப் புறப்பட்டாலும், சிறிது நேரத்தில் அவர் கண்ணுக்கெட்டாத தொலைவுக்குச் சென்றுவிடுவார்.

இருபது ஆண்டுகளாக மத்ரஸாவில் ஓதிக்கொடுப்பவன் நான். எதிர்ப்படும் மஹல்லாவாசிகள் சிரித்தபடி ஸலாம் சொல்வார்கள். அந்தச் சிரிப்பு என்னை உறுத்தியது. மனைவிக்கு ஈடுகொடுக்க முயன்று, கெண்டைக்கால் சதை பிடித்து இரண்டு வாரம் நொண்டினேன். பிறகு ஒருநாள், "நாலு பேர் பார்க்கிறார்கள். என்னோடு சேர்ந்தே ஓடினால் என்ன?" என்று கடிந்துகொண்டேன். அவர் பதில் பேசவில்லை. மறுநாள் முதல் என் பக்கத்திலேயே ஓடினார். நானும் மனநிறைவு கொண்டேன்.

ஒரு மாதம் கழிந்தது. அடுக்களை நாட்காட்டியின் ஓரத்தில் அவர் தம் இலக்காக "2 மணி 20 நிமிடம்" என்று எழுதியிருந்தார். அது அடிக்கப்பட்டு, அருகில் "3 மணி" என்று எழுதப்பட்டிருந்ததைக் கண்டேன். மூன்று மணி என்பது என் இலக்கு.

அதே வாரம் மத்ரஸாவில் ஒரு ஹதீஸ் பாடம் வந்தது. நபி (ஸல்) அவர்களும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களும் ஓட்டப்பந்தயம் ஓடிய செய்தி அபூதாவூத், அஹ்மத் முதலிய நூல்களில் உள்ளது. ஒரு பயணத்தின்போது நடந்த முதல் ஓட்டத்தில் அன்னையார் முந்தினார்கள். பின்னாளில் அன்னையாரின் உடல் சற்றுப் பருத்திருந்தபோது நபியவர்கள் முந்தி, முந்தைய ஓட்டத்துக்கு இது ஈடு என்றார்கள். அந்த இரண்டாம் ஓட்டத்தைச் சொல்லிப் பிள்ளைகளைச் சிரிக்க வைப்பது என் வழக்கம். அன்று முதல் ஓட்டத்திலேயே என் நா நின்றுவிட்டது. மனைவி தம்மை முந்தியதை அல்லாஹ்வின் தூதர் இழுக்காகக் கருதவில்லை. அதைக் கற்பிக்கும் நானோ கருதியிருந்தேன்.

அன்றிரவு மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன். "உங்க கால் வலி கூடிடக் கூடாதுன்னுதாங்க மெதுவா ஓடினேன்" என்றார். என் மானத்தைக் காக்கவே அவர் அப்படிச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும்.

நெடுந்தூரப் பயிற்சியின் பெரும்பகுதியை, மூச்சிரைக்காமல் பேச முடிகிற வேகத்தில் ஓட வேண்டும். அந்த வேகம் ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே தூரத்தை விட்டு நேரத்தைக் கணக்கிட்டோம். ஒன்றாகப் புறப்பட்டு, அவரவர் வேகத்தில் 40 நிமிடம் ஓடித் திரும்புவோம். அவர் தொலைவிலிருந்தும் நான் அருகிலிருந்தும் திரும்புவதால், ஏறக்குறைய ஒரே நேரத்தில் சிலையருகே வந்து சேர்வோம்.

ஜனவரியில் போட்டி. காலை 5 மணிக்குத் தொடக்கம். ஃபஜ்ர் நேரமோ ஓட்டத்தின் நடுவில் வரும். ஐந்தாம் கிலோமீட்டரில், சாலையோரம் தொழுவதற்கு முன்னரே இடம் பார்த்து வைத்திருந்தோம். "எனக்காக நிற்காதே, தொழுதுவிட்டுப் போ" என்று சொல்லியிருந்தேன். நான் சென்றபோது அவர் பத்து நிமிடமாக அங்கே நின்றிருந்தார். "உங்களுக்காக நிக்கலை, ஜமாஅத்துக்காக நின்னேன்" என்றார். இரண்டு ரக்அத் தொழுவித்தேன். ஸலாம் கொடுத்து, துஆ முடிந்ததும் எழுந்து ஓடி மறைந்தார்.

நான் எல்லைக்கோட்டைத் தொட்டபோது 3 மணி 6 நிமிடம் ஆகியிருந்தது. அவர் 2 மணி 33 நிமிடத்தில் முடித்துவிட்டு, பேரீச்சம்பழத்தோடு காத்திருந்தார். "உன் இலக்கு தவறிவிட்டதே" என்று வருந்தினேன். "தொழுகைக்கு நின்ற நேரத்தைக் கழிச்சுப் பாருங்க" என்று சிரித்தார்.

ஓதலிலோ கல்வியிலோ சம்பாத்தியத்திலோ நம் இல்லத்தரசியர் நம்மை முந்தக்கூடும். அவர்களை நம் வேகத்துக்கு இழுத்து நிறுத்திவிட்டு, அதற்கு ஒற்றுமை என்று பெயரிடாதிருப்போம். அல்லாஹ் நம் உள்ளங்களிலிருந்து பெருமையை அகற்றுவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.